கத்தோலிக்க இறையியல் ஆய்விதழுக்குக் கட்டுரை ஆயத்தம் செய்தல்: கேள்வி முதல் மெய்ப்பு வரை முழுமையான வழிகாட்டி

மதுரையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் இறையியல் பயிலும் குருமாணவர்கள், அருள்சகோதரிகள், பங்குப் பணிக்கிடையே எழுத விரும்பும் அருள்பணியாளர்கள், பொதுநிலை ஆசிரியர்கள் ஆகியோரின் கட்டுரைகளை, அவை ஆய்விதழுக்குப் போகுமுன், சில ஆண்டுகளாக முதல் வாசிப்புச் செய்து வருகிறேன். நான் பார்த்தவரையில், திரும்பி வந்த கட்டுரைகளில் பல கருத்துக் குறைவால் திரும்பவில்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னாலும், பின்னால் செய்ய வேண்டியதை முன்னாலும் செய்ததால் திரும்பின. ஆகவே இவ்வழிகாட்டியில் எதை எப்போது செய்வது என்பதற்கே முதலிடம் தந்திருக்கிறேன்.

1. மேசைமீது இருக்க வேண்டியவை

முதல் வரியை எழுதுவதற்கு முன் ஐந்து பொருள்கள் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்: திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு (1995), விவிலிய மூலமொழிப் பதிப்பு (புதிய ஏற்பாட்டுக்கு நெஸ்லே-ஆலந்து 28ஆம் பதிப்பு போதும்), இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடுகள் தமிழிலும் இலத்தீனிலும், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், நீங்கள் அனுப்பவிருக்கும் இதழின் அண்மைய இதழ்கள் இரண்டு. சங்க ஏடுகளின் இலத்தீன் வடிவம் வத்திக்கான் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இவற்றை முதலிலேயே திரட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கையில் இல்லாத நூலை நினைவிலிருந்து மேற்கோள் காட்டுவதும், 'பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்' என்று ஓரத்தில் கேள்விக்குறி இடுவதும் எல்லாருக்கும் உள்ள பழக்கம். அந்தக் கேள்விக்குறிகளில் பாதியேனும் அச்சு வரை போய்விடுகின்றன.

அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் நூலகத்தைப் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். அது சீர்திருத்தச் சபைகளின் மரபில் நடக்கும் கல்லூரி. அங்குள்ள தமிழ் நூல்கள் பலவற்றில் ஆதியாகமம், சங்கீதம், அப்போஸ்தலர் நடபடிகள் என்றே பெயர்கள் இருக்கும். குறிப்பு எடுக்கும்போதே அவற்றைத் தொடக்க நூல், திருப்பாடல்கள், திருத்தூதர் பணிகள் என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். நேர் மேற்கோளுக்குள் வரும் பெயரை மட்டும் தொடாதீர்கள். இதைக் கடைசியில் செய்தால் ஒரே கட்டுரையில் இரு மரபும் கலந்து நிற்கும்.

2. தலைப்புக்கு முன் கேள்வி

'விவிலியத்தில் பெண்கள் – ஒரு பார்வை', 'திருஅவையும் ஏழைகளும் – ஓர் ஆய்வு' என்ற வகைத் தலைப்புகள் எனக்கு ஆண்டுதோறும் வருகின்றன. தலைப்பில் 'ஒரு பார்வை' என்று இருந்தால், எழுதியவரிடம் இன்னும் கேள்வி பிறக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். தலைப்பை மூடி வைத்துவிட்டு, கேள்விக்குறியோடு முடியும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதுங்கள்.

எடுத்துக்காட்டாக, 'லூக்கா நற்செய்தியில் ஏழைகள்' என்பது பாடநூலின் ஓர் இயலுக்கு உரிய பொருள். அதையே இப்படிக் குறுக்கிப் பாருங்கள்: லூக் 4:18-19இல் இயேசு வாசிக்கும் எசாயா பகுதியில், எசா 61:2இல் உள்ள 'பழிவாங்கும் நாள்' பற்றிய வரி ஏன் இல்லை, எசா 58:6இல் உள்ள ஒடுக்கப்பட்டோரின் விடுதலை பற்றிய வரி ஏன் அங்கே சேர்ந்திருக்கிறது? இது கேள்வி. எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும், எந்த மூலத்தை ஒப்பிட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் இக்கேள்வியிலேயே அடங்கியிருக்கின்றன.

கேள்வி கிடைத்ததும் உங்கள் விடையை மூன்று வாக்கியங்களில் எழுதி, துறையில் இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். 'இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்களே' என்று அவர் சொன்னால், கேள்வியை இன்னும் ஒரு சுற்றுக் குறுக்க வேண்டும்.

3. இதழைத் தேர்ந்து அதன் விதித்தாளைப் படித்தல்

எழுதி முடித்த பிறகு இதழ் தேடுவது தலைகீழ்ப் பாடம். விவிலிய ஆய்வுக்கான இதழும், அருள்பணி இறையியலுக்கான இதழும், திருவழிபாட்டு இதழும் வெவ்வேறு வாசகரை எண்ணி நடத்தப்படுகின்றன. ஒன்றில் அடிக்குறிப்பு, இன்னொன்றில் கட்டுரையின் உடலுக்குள்ளே பிறைக்குறியில் மேற்கோள். முதலில் இதழை முடிவு செய்தால், எந்த முறையில் குறிப்பு எடுப்பது என்பதும் முடிவாகிவிடும்.

விதித்தாளில் பார்க்க வேண்டியவை: சொல் எண்ணிக்கை, மேற்கோள் முறை, குறுக்கப் பட்டியல், ஆய்வுச் சுருக்கத்தின் நீளம், கோப்பு வகை. சொல் எண்ணிக்கை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், ஒரே கருத்துக்கு ஆங்கிலத்தைவிடக் குறைவான சொற்களே கணக்கில் வரும். ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர் அதே எண்ணிக்கையைத் தமிழில் நிரப்ப முயன்றால் கட்டுரை ஊதிப் போகும்.

4. வாசிக்கும்போதே சீட்டை முழுமையாக எழுதுதல்

ஒரு மேற்கோளுக்கு ஒரு சீட்டு. தாளாக இருந்தாலும் கணினிக் கோப்பாக இருந்தாலும் சரி. சீட்டின் தலையில் ஆசிரியர், நூல், பதிப்பு, இடம், ஆண்டு, பக்கம் அல்லது பத்தி எண். நடுவில் மேற்கோள், எழுத்துப் பிசகாமல். கீழே, வேறு நிற மையில், அது ஏன் தேவைப்படுகிறது என்ற உங்கள் ஒருவரிக் கருத்து. நிறம் மாற்றச் சொல்வது அழகுக்காக அன்று. மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது, எது நூலாசிரியர் சொல், எது உங்கள் சொல் என்று தெரியாமல் போனால், அறியாமலேயே பிறர் வரியை உங்கள் வரியாக எழுதிவிடுவீர்கள். கருத்துத் திருட்டு என்று குற்றம் சாட்டப்பட்டவர்களுள் சிலர் உண்மையில் சீட்டைக் கவனமின்றி எழுதியவர்களே.

அண்மைக் காலத்தில் இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நூற்பட்டியல் கேட்டு வாங்கி அப்படியே ஒட்டுகிறார்கள். ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், நூல் இருக்காது. நூல் இருந்தால் பக்கம் இருக்காது. கண்ணால் பார்க்காத பக்கத்துக்குச் சீட்டு எழுதாதீர்கள்.

5. விவிலிய மேற்கோள்

கட்டுரைக்கு நம்பகம் வருவதும் போவதும் இங்கேதான். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குறுக்கங்கள்: பொது மொழிபெயர்ப்பில் உள்ளபடி தொநூ, விப, திபா, எசா, மத், மாற், லூக், உரோ, திவெ என்றே எழுதுங்கள். அதிகாரத்துக்கும் வசனத்துக்கும் இடையே முக்காற்புள்ளி, தொடர் வசனங்களுக்குச் சிறுகோடு, விட்டுவிட்டு வரும் வசனங்களுக்குக் காற்புள்ளி, அதிகாரம் மாறினால் அரைப்புள்ளி: மத் 5:3-6,10; 6:9. வாக்கியத்தின் தொடக்கத்தில் குறுக்கம் வேண்டாம். நூலின் முழுப்பெயரை எழுதுங்கள்.

திருப்பாடல் எண்: புதியவர்கள் அதிகம் இடறும் கல் இது. எபிரேய எண் வரிசையும், கிரேக்க, இலத்தீன் மரபு எண் வரிசையும் 10ஆம் திருப்பாடலிலிருந்து பிரிந்து, பெரும்பகுதி ஓர் எண் வேறுபாட்டோடு சென்று, 148இல்தான் மீண்டும் ஒன்றாகின்றன. எபிரேயத்தில் 9, 10 என்று இரண்டாக இருப்பவை கிரேக்கத்தில் ஒன்றாக இருப்பதே காரணம். பொது மொழிபெயர்ப்பு எபிரேய எண்ணைப் பின்பற்றுகிறது. தொடக்க நூற்றாண்டுகளின் ஆசிரியர்களான திருஅவைத் தந்தையர் பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் எண்ணைப் பின்பற்றினர்.

இதில் நானே விழுந்திருக்கிறேன். கிறிஸ்து நம் குருவாக நமக்காக வேண்டுகிறார், நம் தலையாக நம்முள் வேண்டுகிறார், நம் கடவுளாக நம்மால் வேண்டப்படுகிறார் என்று புனித அகுஸ்தினார் 85ஆம் திருப்பாடலின் விளக்கவுரைத் தொடக்கத்தில் சொல்வதை என் முதல் கட்டுரையில் எடுத்தாண்டேன். உடனே திருவிவிலியத்தில் 85ஆம் திருப்பாடலைத் திறந்து, அதன் வசனங்களோடு அகுஸ்தினாரின் கருத்தை இணைத்து இரண்டு பக்கம் எழுதினேன். மதிப்பீட்டாளர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'அவர் விளக்குவது நமது 86ஆம் திருப்பாடல்.' இரண்டு பக்கமும் போயிற்று. அன்று முதல் தந்தையர் நூல்களிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு திருப்பாடல் எண்ணுக்கும் பக்கத்தில் எபிரேய எண்ணையும் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

வசன எண்ணிலும் இதே சிக்கல் உண்டு. எபிரேயத்தில் திருப்பாடலின் தலைப்பும் வசனமாக எண்ணப்படுவதால், 51ஆம் திருப்பாடலுக்கு அங்கே 21 வசனங்கள். பல மொழிபெயர்ப்புகளில் 19. எபிரேயச் சொல்லாய்வு செய்யும்போது எந்தப் பதிப்பின் எண் என்று முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

மூலச்சொல் ஆய்வு: யோவா 21:15-17இல் இயேசு முதல் இரு முறை 'அகாபாவோ' என்ற வினையாலும், மூன்றாம் முறை 'ஃபிலேயோ' என்ற வினையாலும் கேட்கிறார், பேதுரு மூன்று முறையும் பின்னதாலேயே விடை சொல்கிறார். முன்னது தெய்வீக அன்பு, பின்னது வெறும் நட்பு என்று பிரித்து ஒரு முழுக் கட்டுரை கட்டிவிடுவோர் உண்டு. அதே நற்செய்தியில் தந்தை மகன்மீது கொண்ட அன்பு 3:35இல் முதல் வினையாலும், 5:20இல் இரண்டாம் வினையாலும் சொல்லப்படுகிறது. தந்தையின் அன்பு 5:20இல் மட்டும் குறைந்துவிட்டதா? ஒரு சொல்மீது வாதத்தை நிறுத்துமுன், அந்நூலில் அச்சொல் வரும் எல்லா இடங்களையும் சொல்லடைவில் பார்த்துவிடுங்கள். கிரேக்கம் கற்காதவர் வரியிடை மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிச் சொல்லாய்வில் இறங்க வேண்டாம்; உரையாசிரியர் ஒருவரை மேற்கோள் காட்டி, அவரது கருத்தென்றே சொல்வது நேர்மை.

6. திருஅவை ஏடுகளைக் கையாளுதல்

பக்க எண் வேண்டாம், பத்தி எண் வேண்டும். சங்க ஏடுகளும் அண்மைக் காலச் சுற்றுமடல்களும் எந்த மொழியில் எந்தப் பதிப்பில் அச்சானாலும் பத்தி எண் மாறாது. மதுரையில் நீங்கள் வைத்திருக்கும் தமிழ்ப் பதிப்பின் பக்கம், அதே நூலின் மறுபதிப்பு வைத்திருப்பவருக்கே பயன்படாது. மறைக்கல்வி நூலுக்கும் அப்படியே: 2,865 பத்திகளுள் எது என்று சொன்னால் போதும். திருஅவைச் சட்டத் தொகுப்புக்கு (1983) சட்ட எண்ணும் உட்பிரிவும்.

ஏட்டின் நாள் என்பது கையொப்ப நாள். திருத்தந்தை பிரான்சிசின் 'லவுதாத்தோ சீ' சுற்றுமடல் 2015 மே 24 எனத் தேதியிடப்பட்டது. செய்தித்தாள்கள் ஜூன் 18 என்று எழுதியது அது வெளியிடப்பட்ட நாள். நாளிதழ்த் துணுக்கிலிருந்து நாளை எடுப்பவர் இங்கே தவறுவார்.

அடுத்தது எடை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 16 ஏடுகளைத் தந்தது: 4 கொள்கைத் திரட்டுகள், 9 விதித்தொகுப்புகள், 3 அறிக்கைகள். இவை ஒரே தரத்தன அல்ல. சுற்றுமடலும், திருத்தூது ஊக்கவுரையும், புதன் மறைக்கல்வி உரையும் ஒரே தரத்தன அல்ல. 'திருஅவை கற்பிக்கிறது' என்று எழுதிவிட்டு, அடிக்குறிப்பில் ஒரு கொள்கைத் திரட்டையும், திருத்தந்தையின் ஒரு விமானப் பயண நேர்காணலையும் அரைப்புள்ளியிட்டு அடுக்கியிருந்த கட்டுரையை நான் படித்திருக்கிறேன். எந்த ஏட்டை யார், எந்த அதிகாரத்தோடு வெளியிட்டார் என்பதை உடலிலேயே ஒரு சொல்லால் சுட்டுங்கள்: 'சங்கம் வரையறுக்கிறது', 'திருத்தந்தை ஊக்குவிக்கிறார்', 'பேராயம் விளக்கம் தருகிறது'. வினைச்சொல்லே எடையைக் காட்டிவிடும்.

வாதம் ஒரு சொல்லில் தங்கியிருந்தால் இலத்தீனைப் பாருங்கள். திருஅவை பற்றிய 'லூமென் ஜென்சியும்' கொள்கைத் திரட்டின் 8ஆம் பத்தி கிறிஸ்துவின் திருஅவைக்கும் கத்தோலிக்கத் திருஅவைக்கும் உள்ள உறவைச் சொல்லும் இடத்தில், 'ஆகும்' எனப் பொருள்படும் 'எஸ்த்' என்ற சொல்லை விட்டு, 'சுப்சிஸ்தித் இன்' என்ற தொடரை ஆள்கிறது. அம்மாற்றத்தின் பொருள் குறித்து நீண்ட விவாதம் நடந்து, வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2007இல் தனி விளக்கமே வெளியிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு வினைச்சொல்லைப் பார்த்துவிட்டு, சமய உரையாடல் பற்றிய முடிவுக்குத் தாவுகிறவர் இந்த முழு விவாதத்தையும் அறியாமல் கடந்து போகிறார்.

7. தந்தையரும் அக்குவினாவும்

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். தந்தையர் நூல்களுக்கு நூல், இயல், பத்தி எண் தாருங்கள். அதன்பின் எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள். மிஞ் என்ற பிரெஞ்சு அருள்பணியாளர் தொகுத்த கிரேக்க, இலத்தீன் வரிசைகளிலிருந்து எடுத்தால் தொகுதி எண்ணும் பத்தி நிரல் எண்ணும் வேண்டும்.

புனித தோமா அக்குவினாவின் இறையியல் தொகுப்பை மேற்கோள் காட்டும்போது பகுதி, வினா, உட்பிரிவு ஆகியவற்றைத் தந்துவிட்டு, நீங்கள் எடுத்த வரி எங்கே நிற்கிறது என்று ஒரு முறை பாருங்கள். ஒவ்வோர் உட்பிரிவிலும் அவர் மறுப்புகளை முதலில் வரிசையாகச் சொல்லி, பின்பே தம் விடையைச் சொல்கிறார். மறுப்பிலுள்ள வரியை எடுத்து 'அக்குவினா கூறுகிறார்' என்று எழுதினால், அவர் மறுத்த கருத்தை அவர் தலையிலேயே ஏற்றியதாகும். இணையத்தில் கிடைத்த ஒற்றை வரியை நம்புவோருக்கு இது அடிக்கடி நேர்கிறது.

8. நம் வட்டாரத்து ஆவணங்களும் களப்பணியும்

இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தது முதல் இம்மண்ணில் எழுதப்பட்ட கிறித்தவத் தமிழ் நூல்களும் மடல்களும் நமக்குப் பெருஞ்செல்வம். அவற்றைக் கையாள்வதில் ஒரே கட்டுப்பாடு: சொல்லைத் திருத்தாதீர்கள். பழைய நூலில் 'சர்வேசுரன்' என்று இருந்தால் 'கடவுள்' என்று மாற்றக் கூடாது. 'பூசை' என்று இருந்தால் 'திருப்பலி' என்று மாற்றக் கூடாது. அச்சொல்லே உங்கள் சான்று. எந்தச் சொல்லை ஏன் தேர்ந்தார்கள் என்பதே பல வேளைகளில் ஆய்வின் பொருளாக இருக்கும்போது, வாசகருக்கு எளிமையாக இருக்கட்டும் என்று மாற்றுவது சான்றை அழிப்பதற்குச் சமம். இன்றைய பொருளைச் சதுர அடைப்பில் தரலாம்.

பெயர் எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். 'தெ நொபிலி' ஓர் இடத்தில் தகர வரிசையிலும், இன்னோர் இடத்தில் நகர வரிசையிலும் பட்டியலில் நிற்கக் கூடாது. 'நொபிலி, இராபர்ட் தெ' என்று முடிவு செய்தால் கடைசி வரை அப்படியே. தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்து குடும்பப் பெயர் அன்று. ஆகவே இயற்பெயரை வைத்து அகரவரிசைப்படுத்தி, முன்னெழுத்தைப் பின்னே எழுதுங்கள்.

மக்கள் பக்தி பற்றி எழுதுவோர் பலர். புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று கொல்லப்பட்ட ஓரியூருக்குச் சென்று திருப்பயணிகளோடு பேசி, அங்கிருந்து செம்மண் எடுத்துச் செல்வோரின் நம்பிக்கையைப் பதிவு செய்வது நல்ல முயற்சி. ஆனால் கேட்கும் முன் இசைவு பெறுங்கள், பெயரை மறையுங்கள், பேசிய நாளையும் இடத்தையும் குறியுங்கள். அவர்கள் பேசிய மதுரைத் தமிழை ஏட்டுத் தமிழாக்கிவிடாமல் அப்படியே தாருங்கள். 'அய்யா மண்ணு நெத்தியில வச்சா காச்சல் நின்னுரும்' என்று ஒரு மூதாட்டி சொன்னால், அதை 'அம்மண் நோய் தீர்க்கும் என்பது மக்களின் நம்பிக்கை' என்று சுருக்குவதற்குள் அவரது இறையியல் காணாமல் போய்விடும். பிறகு அதை திருத்தந்தை பிரான்சிசின் 'எவாஞ்சலீ கௌதியும்' ஊக்கவுரையில் மக்கள் பக்தி பற்றிப் பேசும் 122 முதல் 126 வரையுள்ள பத்திகளோடு உரையாட வையுங்கள். மக்களின் சொல் வெறும் அலங்கார மேற்கோளாகவும், ஊக்கவுரை தீர்ப்பாகவும் நின்றுவிடக் கூடாது.

9. எழுதும் வரிசை

உடலை முதலில் எழுதுங்கள், முன்னுரையை அதன்பின், ஆய்வுச் சுருக்கத்தையும் தலைப்பையும் எல்லாவற்றுக்கும் பின். முன்னுரையில் வாக்களித்ததை உடலில் தேடும் மதிப்பீட்டாளர், அங்கே வேறொன்றைக் கண்டால் அதையே முதல் குறையாக எழுதுவார். முன்னுரையை முதலில் எழுதியவருக்கு இந்தப் பிளவு ஏறத்தாழ உறுதி. எழுத எழுத வாதம் நகர்ந்துவிடும், முன்னுரை பழைய இடத்திலேயே நிற்கும்.

உடலுக்குள், பிறர் சொன்னதைத் திரட்டும் பகுதி மொத்தத்தில் நான்கில் ஒன்றைத் தாண்ட வேண்டாம் என்பது என் கணக்கு. உரிமநிலைப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டின் ஓர் இயலை வெட்டி அனுப்புவோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆய்வேட்டில் 'நான் இவற்றையெல்லாம் படித்தேன்' என்று தேர்வாளருக்குக் காட்ட வேண்டியிருந்தது. இதழ் வாசகருக்கு அது தேவையில்லை.

மறையுரையிலிருந்து பிறந்த கட்டுரையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கடைசிப் பத்தியில் 'வாழ்வோமாக', 'முன்வருவோமாக' என்று வினைமுற்றுகள் நின்றால் அது இன்னும் பலிபீடத்திலிருந்து இறங்கவில்லை. மறையுரை நெஞ்சை அசைக்க வேண்டியது, ஆய்வுக் கட்டுரை சான்றைக் காட்ட வேண்டியது. கேள்விக்கு விடை வந்ததும் நிறுத்துங்கள்.

10. சொல்லாட்சியை ஒரு தாளில் முடிவு செய்தல்

திருச்சபையா, திருஅவையா? கிறிஸ்துவா, கிறித்துவா? பரிசுத்த ஆவியா, தூய ஆவியாரா? தேவ திரவிய அனுமானமா, அருளடையாளமா? எது சரி என்ற வாதத்தை இங்கே நடத்தப் போவதில்லை. இதழ் எதை ஆள்கிறது என்று பார்த்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நூற்பெயர்களிலும் நேர் மேற்கோள்களிலும் மட்டும் மூலத்தில் உள்ளபடியே விடுங்கள். நானும் இவ்வழிகாட்டியில் 'திருஅவை' என்று எழுதினாலும், மறைக்கல்வி நூலின் பெயரில் 'திருச்சபை' என்பதை மாற்றவில்லை.

11. அடிக்குறிப்பும் கோப்பும்

வரைவு முடியும் வரை 'மேலது' என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு குறிப்பிலும் ஆசிரியர் பெயரும் குறுந்தலைப்பும் இருக்கட்டும். இடையில் ஒரு புதிய குறிப்பைச் செருகினால், அதற்குக் கீழுள்ள 'மேலது' சத்தமின்றி வேறு நூலுக்குத் தாவிவிடும். எந்த மென்பொருளும் எச்சரிக்காது. அனுப்பும் நாளுக்கு முந்தைய நாள், இதழ் கேட்டால் மட்டும், மேலிருந்து கீழாக ஒரே அமர்வில் மாற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு 'ப.', பல பக்கங்களுக்கு 'பக்.' என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கட்டுரை ஒருங்குறியில் இருக்க வேண்டும். டி.டி.பி. கடையில் கொடுத்தால் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருவோர் உண்டு. அதை மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கும்போது, நடுவே இருக்கும் கிரேக்கச் சொற்களும் எண்களும் சிதைகின்றன. முடிந்தவரை நீங்களே தமிழ்99 விசைப்பலகையில் அடியுங்கள். எபிரேயத்துக்கும் கிரேக்கத்துக்கும் ஒருங்குறி எழுத்துரு மட்டுமே; எபிரேயம் வலமிருந்து இடமாகச் செல்வதால், இரு சொற்களுக்கு மேல் வந்தால் தனிப் பத்தியாக வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. 'கௌதியும்' என்பதில் வரும் ஔகாரக் குறியை, ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து 'கெளதியும்' என்று அடித்துவிடுவார்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தேடும்போதும் அகரவரிசைப்படுத்தும்போதும் இரண்டு வெவ்வேறு சொற்கள். மௌனம், பவுல் என்பதைப் பௌல் என்று எழுதும் இடம் எல்லாவற்றையும் ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள். துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுவதும் இதே வகைதான்.

12. அனுமதியும் அனுப்புதலும்

துறவற சபையினர் சமயம், அறநெறி பற்றிய எழுத்துகளை வெளியிடுவதற்கு, தம் சபையின் அமைப்புச் சட்டங்களின்படி, உயர் தலைவரின் அனுமதியும் பெற வேண்டும் என்கிறது திருஅவைச் சட்டத்தின் 832ஆம் சட்டம். கட்டுரை ஏற்கப்பட்ட பின் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு, அச்சுக்குப் போகும் வாரத்தில் தலைவர் வெளியூரில் இருக்கிறார் என்று ஆசிரியர் குழுவுக்கு எழுதுவோரைப் பார்த்திருக்கிறேன். வரைவு முடிந்தவுடன் கேளுங்கள்.

பெயர் மறைத்த மதிப்பீடு நடத்தும் இதழ்களுக்கு இரண்டு கோப்புகள் அனுப்ப வேண்டும்: பெயர், முகவரி, நன்றியுரை ஆகியவை ஒன்றில், கட்டுரை மட்டும் மற்றொன்றில். 'நான் முன்பு எழுதிய கட்டுரையில்' என்ற தொடர் உடலில் இருந்தால் பெயரை மறைத்தும் பயனில்லை. உங்களையே படர்க்கையில் சுட்டுங்கள். கோப்பின் பண்புப் பகுதியிலும் கணினி உங்கள் பெயரை எழுதி வைத்திருக்கும், அதையும் நீக்குங்கள்.

ஒரே நேரத்தில் இரு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். நம் வட்டாரத்தில் இறையியல் மதிப்பீட்டாளர்கள் எண்ணிக்கை சிறிது. ஒரே கட்டுரை இரு வழியாக ஒரே மேசைக்கு வந்து சேர்வது நடக்கக்கூடியதே.

13. மதிப்பீடு வந்த பிறகு

மடலை முதல் நாள் படியுங்கள், விடையை மூன்றாம் நாள் எழுதுங்கள். இடையில் ஒரு நாள் விடச் சொல்வது சினம் தணிவதற்காக மட்டும் அன்று. முதல் வாசிப்பில் தாக்குதலாகத் தெரிந்தது, மூன்றாம் நாளில் 'இந்தப் பத்தி புரியவில்லை' என்ற எளிய முறையீடாகத் தெரியும்.

மதிப்பீட்டாளரின் ஒவ்வொரு குறிப்பையும் எண்ணிட்டு எடுத்தெழுதி, அதன் கீழே என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் என்று சொல்லுங்கள். ஏற்க முடியாத குறிப்புக்குச் சான்றோடு மறுப்பு எழுதலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. எதையும் சொல்லாமல் விட்டுவிடுவதே ஆசிரியர் குழுவை எரிச்சலூட்டும். 'தாங்கள் கூறியபடி எல்லாம் திருத்தப்பட்டது' என்ற ஒற்றை வரியும் அப்படியே, ஏனெனில் எது திருத்தப்பட்டது என்று அவர்கள் முழுக் கட்டுரையையும் மீண்டும் படிக்க வேண்டியிருக்கும்.

14. மெய்ப்பு

மெய்ப்புத் தாள் வந்தபின் வாதத்தைத் தொடாதீர்கள். ஒரு வாக்கியம் கூடினால் பக்கம் நகரும், பக்கம் நகர்ந்தால் அடிக்குறிப்பு நகரும். இந்நிலையில் பார்க்க வேண்டியவை எண்களும் பெயர்களும் மூலமொழிச் சொற்களும்தான்.

இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஒருவர் திருவிவிலியத்தையும் சங்க ஏடுகளையும் வைத்துக்கொண்டு அமரட்டும், மற்றவர் மெய்ப்பிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் உரக்க வாசிக்கட்டும். 'உரோ எட்டு, இருபத்திரண்டு' என்று காதில் விழும்போது எதிரில் இருப்பவர் அந்த வசனத்தைத் திறந்து பார்த்து, கட்டுரை சொல்வது அங்கே இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். எழுதியவரின் கண் தன் பிழையைத் தாண்டிப் போய்விடும், காது தாண்டாது. முப்பது மேற்கோள் உள்ள கட்டுரைக்கு ஒரு மாலைப் பொழுது போதும். கருமாத்தூரிலிருந்து வரும் குருமாணவர்கள் இருவர் இருவராக என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதைச் செய்வதுண்டு. சென்ற முறை அவர்கள் பிடித்தவை நான்கு எண்கள், தலைகீழாக ஒட்டியிருந்த ஓர் எபிரேயச் சொல், கட்டுரையாளரின் சொந்த முன்னெழுத்தில் ஒரு பிழை.